பிள்ளையைப் பேணுவோர்க்கும் ஒரு மாலைப்பொழுது

பங்குனி கழிந்து சித்திரை பிறக்கும் நாள்களில் காங்கேயம் வட்டாரம் தன் வறட்சியினூடே ஓர் அழகைக் காட்டும். வேம்பு பூத்து வாசலெங்கும் உதிர்ந்து கிடக்கும். கண்ணபுரத்தில் மாரியம்மன் திருவிழாவையொட்டி மாட்டுச் சந்தை கூடும். வெயில் தணிந்த பின்னர் ஊர்ப் பொதுத் திடல்களிலும் கோயில் முன்றில்களிலும் வள்ளி கும்மிப் பயிற்சி நடைபெறும். பாட்டும் கைத்தாளமும் தெருக்கோடி வரை கேட்கும். தமிழ் மரபு இளவேனில் என்று பெயரிட்டு அழைக்கும் பருவம் இதுவே.

இப்பருவத்தில், நடைபயிலும் பிள்ளை உள்ள வீட்டின் மாலைப்பொழுது வேறு விதமாக இருக்கும். பிள்ளை மதியம் உறங்கி எழுந்திருக்கும். வெளியே போக வேண்டும் என்று வாசற்படியைக் காட்டும். ஊட்டிய சோற்றைத் துப்பும். கொட்டிய தண்ணீரில் கைதட்டி விளையாடும். அதன் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கும் தாய், திருமணத்திற்கு முன்போ பிள்ளைப்பேற்றுக்கு முன்போ அதே கும்மி வட்டத்தில் நின்று ஆடியவளாக இருக்கக்கூடும். இப்போது அவள் போவதில்லை. “பிள்ளை கொஞ்சம் பெரிதாகட்டும்” என்று வீட்டார் சொல்வர். அவளும் அதையே தனக்குச் சொல்லிக்கொள்வாள். அவ்வாறு தள்ளி வைக்கப்பட்ட விருப்பம் பல வீடுகளில் மீண்டும் எடுக்கப்படுவதே இல்லை.

அவள் போக வேண்டும் என்பதும், அவள் போவதற்கான ஏற்பாட்டைக் குடும்பமே முன்னின்று செய்ய வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்து. பிள்ளையை வளர்ப்போர்க்குச் சொல்லும் இதே கருத்து, நோயுற்றோரின் அருகிருந்து அவர்களைப் பேணுவோர்க்கும் பொருந்தும் என்பதாலேயே இதனை ஒரு மருத்துவமனை இதழில் எழுதுவது தகும்.

ஒன்று முதல் மூன்று வயது வரையிலான பருவத்தின் இயல்பை முதலில் நினைத்துப் பார்த்தல் நலம். நம் முன்னோர் அதனை நுணுகி நோக்கியவர்கள். பிள்ளைத்தமிழ் நூல்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பிரித்துப் பாடின. கைகொட்டி மகிழ்வது சப்பாணிப் பருவம். தளர்நடையிட்டு வருமாறு அழைப்பது வருகைப் பருவம். நிலவை விளையாட அழைப்பது அம்புலிப் பருவம். அதன் பின் ஆண்பிள்ளைக்குச் சிறுபறை முழக்குவதும் சிறுதேர் உருட்டுவதும், பெண்பிள்ளைக்கு அம்மானையும் ஊசலும் என்று அந்த வரிசை நீளும். கைதட்டுதல், ஆடுதல், பறை முழக்குதல், இழுத்துக்கொண்டு ஓடுதல் என அசைவும் ஓசையும் கலந்த விளையாட்டே அதில் நிறைந்திருக்கிறது.

உலக நலவாழ்வு நிறுவனம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. ஒன்று, இரண்டு வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் ஓடியாடி இயங்க வேண்டும். பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் உறங்க வேண்டும். ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரை கூடவே கூடாது. இரண்டு வயதில் அது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பிள்ளை மூன்று மணி நேரம் ஓடினால், அதன் பின்னால் யாரோ ஒருவர் மூன்று மணி நேரம் ஓட வேண்டும். அந்த ஒருவர் நாள்தோறும் ஒரே ஆளாக இருப்பதுதான் நம் வீடுகளின் சிக்கல்.

அந்த ஒருவர் பெரும்பாலும் தாய். தாய் வேலைக்குச் சென்றால் ஆத்தாவோ அம்மிச்சியோ. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அதில் செலவிட்டனர். அவ்வேலையில் ஈடுபட்ட ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். வீட்டிலுள்ளோரைப் பேணும் பணியில் பெண்களின் நேரம் 134 நிமிடம், ஆண்களின் நேரம் 76 நிமிடம். இவை நாடு தழுவிய எண்கள். ஆயினும் நம் ஊர் வீடொன்றில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தாலும் இந்த ஏற்றத்தாழ்வு கண்ணுக்குத் தெரியும்.

ஆண்களின் பொழுதுபோக்கைப் பற்றி நம் வீடுகளில் பெரிய விவாதம் எழுவதில்லை. தந்தை மாலையில் கைப்பந்து விளையாடப் போகலாம். கடைவீதியில் நண்பர்களோடு தேநீர் அருந்தலாம். ரேக்ளா பந்தயம் பார்க்கப் போகலாம். பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார் என்ற கேள்வி அவரிடம் கேட்கப்படுவதில்லை. அதே பிள்ளையின் தாய் கும்மிக்கோ, நூலகத்திற்கோ, தையல் வகுப்பிற்கோ போக விரும்பினால் அந்தக் கேள்விதான் முதலில் எழுகிறது. தந்தையின் பொழுதுபோக்கைப் பறிக்க வேண்டும் என்பது நம் வாதமன்று. தாய்க்கும் அதே அளவில் அது உரியது என்பதே வாதம்.

பொழுதுபோக்கு என்னும் சொல்லே ஒருவகையில் இதற்குத் தடையாக நிற்கிறது. போக்குவதற்குப் பொழுது மிகுதியாக உள்ளவர்க்கு உரியது அது என்னும் எண்ணத்தை அச்சொல் உண்டாக்குகிறது. உண்மையில் பொழுதே இல்லாதவர்க்குத்தான் அது மிகுதியும் தேவைப்படுகிறது. நாள் முழுவதும் இன்னொருவரின் பசி, தூக்கம், அழுகை ஆகியவற்றைச் சுற்றியே இயங்கும் ஒருவர்க்கு, தன் கைக்கும் மனத்துக்கும் உரிய ஒரு செயல் இருந்தாக வேண்டும். அதில் ஓர் ஒழுங்கு இருக்கும், முன்னேற்றம் தெரியும், நாலுபேரின் துணை கிடைக்கும். பிள்ளை வளர்ப்பில் இன்றைக்குச் செய்த வேலை நாளைக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். கற்றுக்கொண்ட ஓர் அடவு அப்படி அழிவதில்லை.

இதனை நம் மண்ணின் வழக்கம் ஒன்றைக்கொண்டே விளக்கலாம். காங்கேயம் மாடுகள் மேயும் கொறங்காடு வெறும் தரிசு நிலமன்று. முள்கிளுவை வேலி கட்டி, வெள்வேல மரங்களை நிழலுக்கு விட்டு, கொழுக்கட்டைப் புல்லை வளர்த்து, தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் மேய்ச்சல் நிலம் அது. அதனை அறிந்த உழவர் ஒரே பகுதியில் மாடுகளை விடாமல் மேய்ப்பதில்லை. நிலத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒன்றில் மேய்த்தபின் அதனை ஆறவிட்டு, அடுத்ததற்கு மாற்றுவர். ஆறவிட்ட நிலத்தில் புல் மீண்டும் தழைக்கும். ஓய்வின்றி மேய்த்த நிலம் வெறுந்தரையாகிவிடும். கால்நடையின் மீதுள்ள அக்கறையால்தான் நிலத்துக்கு ஓய்வு தருகிறார்கள். அதனை யாரும் சோம்பல் என்று சொல்வதில்லை. பிள்ளையைப் பேணும் தாய்க்குத் தரும் ஓய்வையும் அவ்வாறே கருதுதல் வேண்டும்.

வள்ளி கும்மியை இங்கு எடுத்துக்காட்டாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முருகன் வள்ளியை மணந்த கதையைப் பாட்டாகப் பாடி, வட்டமாகச் சுற்றி வந்து, அடியெடுத்து வைத்துக் கைகொட்டி ஆடும் இக்கலை கொங்கு நாட்டுக்கே உரிய பெருமை. முன்பு ஆண்களே மிகுதியாக ஆடிவந்த இதனைப் பெண்களுக்கும் பயிற்றுவித்தவர் கோவை மாவட்டத்தைச் சேர்ந்த கலைஞர் பத்ரப்பன். அவருக்கு 2024ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது அவருடைய வயது 87. இன்று கொங்கு வட்டார ஊர்களில் பள்ளிச் சிறுமியரும் குடும்பத் தலைவியரும் ஒரே வட்டத்தில் நின்று ஆடுகின்றனர். ஒருகாலத்தில் பெண்களுக்கு உரியதன்று எனப்பட்ட ஒன்று அவர்களுக்கு உரியதாயிற்று. ஒரு வயதுப் பிள்ளையின் தாய்க்கு உரியதன்று என்னும் எண்ணமும் அவ்வாறே மாறக்கூடியதுதான்.

உடல்நல நோக்கில் பார்த்தாலும் இது நல்ல தேர்வு. பயிற்சிக்குப் பெரும் செலவில்லை. நடை, குனிந்து நிமிர்தல், கைவீச்சு, மூச்சைச் சீராக்கும் பாட்டு ஆகிய அனைத்தும் அதில் உண்டு. அறுவை சிகிச்சை மூலம் பிள்ளை பெற்றவர்களும், முதுகுவலி, சிறுநீர் கசிவு போன்ற தொல்லை உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குதல் நலம். ஆட விருப்பமில்லாதவர் வேறொன்றைத் தேர்ந்துகொள்ளலாம். கும்மி ஓர் எடுத்துக்காட்டே.

இக்கருத்துக்கு எழும் மறுப்புகளையும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும்.

“அம்மா போனால் பிள்ளை அழுகிறது” என்பது முதல் மறுப்பு. அழும், அது இயல்பு. பிரிவுக்கு அஞ்சும் இவ்வுணர்வு ஏறத்தாழ எட்டாம் மாதத்தில் தொடங்கி, ஒன்றரை வயதை ஒட்டி மிகுந்து, மூன்று வயதுக்குள் பெரும்பாலும் தணிந்துவிடும். பிள்ளை பார்க்காத நேரத்தில் நழுவிச் செல்வதுதான் அச்சத்தை வளர்க்கும். “அம்மா கும்மிக்குப் போய்விட்டு, நீ சாப்பிடும்போது வந்துவிடுவேன்” என்று சொல்லிவிட்டுச் சென்று, சொன்னபடி திரும்பி வந்தால், போனவர் வருவார் என்பதைப் பிள்ளை கற்றுக்கொள்ளும். நன்கு பழகிய அப்பாவிடமோ அப்புச்சியிடமோ முக்கால் மணி நேரம் இருப்பதால் பிள்ளைக்குத் தீங்கில்லை. தன்னைத் தேற்ற இன்னொருவரும் இருக்கிறார் என்னும் நம்பிக்கை அதற்கு உண்டாகிறது.

“ஊரார் என்ன சொல்வார்கள்?” என்பது இரண்டாவது. ஊரார் ஏதேனும் சொல்லத்தான் செய்வர். அவர்களுக்கு விடைசொல்லும் பொறுப்பை மருமகளின் தலையில் சுமத்தாமல், மாமியாரோ கணவரோ ஏற்க வேண்டும். “நாங்கள்தாம் அனுப்பினோம்” என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டால், பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

மூன்றாவது மறுப்பு வலிமையானது. கொப்பரைக் களத்திலும் அரிசி ஆலையிலும் விசைத்தறிக் கூடத்திலும் பகலெல்லாம் உழைத்துவிட்டு வரும் தாய்க்கு மாலையில் ஆடுவதற்கு உடலில் வலு எங்கே என்று கேட்பார்கள். உண்மைதான். அத்தகைய தாய்க்கு முதலில் தேவைப்படுவது தடையில்லாத தூக்கமும் வேளைக்கு உணவும். குடும்பம் முதலில் அவற்றை உறுதிசெய்ய வேண்டும். அதன் பின், வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரமேனும் அவள் விரும்பியதைச் செய்ய விட வேண்டும். அது திண்ணையில் அமர்ந்து தோழியோடு பேசுவதாகவும் இருக்கலாம். நேரம் குறைவு என்பதால் உரிமை இல்லாமற்போய்விடாது.

“கைப்பேசி பார்க்கிறாளே, அது போதாதா?” என்றும் சிலர் கேட்பர். இரவு பதினொரு மணிக்கு, பிள்ளை உறங்கிய பின், தன் தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு திரையைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பது களைப்பின் அடையாளம். அவளுக்கு மாலையில் ஒரு மணி நேரம் கிடைத்திருந்தால், அந்த இரவு நேரம் தூக்கத்திற்குப் போயிருக்கும்.

தாய் போகும் நேரத்தில் பிள்ளையைப் பொறுப்பேற்பவர், அது தன் பங்கு என்று எண்ணிச் செய்தல் வேண்டும். ‘உதவி’ என்னும் சொல்லைத் தந்தையர் விட்டுவிடுவது நல்லது. தம் பிள்ளையைத் தாம் பார்ப்பது உதவியாகாது. பொறுப்பேற்கும் நேரத்தில் கண் பிள்ளையின்மேல் இருக்க வேண்டும், கைப்பேசிமேல் இருத்தலாகாது. சித்திரை வெயிலில் மாலை நாலரை மணிக்கு முன் திறந்த வெளியில் விளையாட விடுவதைத் தவிர்த்து, அடிக்கடி தண்ணீர் கொடுக்க வேண்டும். வெயில் காலமென்று வாசலில் நிரப்பி வைக்கும் வாளியும் மாட்டுத் தொட்டியும் பேரிடர் தரக்கூடியவை. இரண்டு அங்குல நீரிலும் நடைபயிலும் பிள்ளை மூழ்கிவிடும். ஆதலால் வாளியைக் கவிழ்த்து வைத்து, தொட்டியையும் கிணற்றையும் மூடியோ தடுத்தோ வைத்தல் வேண்டும். நம் வீடுகளில் எப்போதும் இருக்கும் நிலக்கடலையை முழுதாகச் சிறு பிள்ளைக்குத் தரக்கூடாது. அது மூச்சுக்குழலில் சிக்கிக்கொள்ளும். பொம்மைகளிலும் ரிமோட்டிலும் உள்ள வட்டவடிவச் சிறு பேட்டரியைப் பிள்ளை விழுங்கியதாக ஐயம் எழுந்தாலும், காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். இவற்றைப் பொறுப்பேற்பவரிடம் ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டால், தாய் கவலையின்றிப் போய்வரலாம்.

வெளியே போக இயலாத நாள்களில் பிள்ளையையும் சேர்த்துக்கொண்டு செய்யத்தக்கவை பல உண்டு. உதிர்ந்த வேப்பம்பூவைப் பொறுக்கி முறத்தில் உலர்த்தலாம். பிள்ளை ஒரு கை அள்ளிக் கீழே போடும், போடட்டும். கொத்தமல்லியோ கீரையோ விதைத்து நீர் ஊற்றலாம். தாய் கோலமிடும்போது பக்கத்தில் பிள்ளைக்கும் ஓர் இடம் ஒதுக்கி, சிறிது அரிசி மாவு கொடுக்கலாம். வீட்டிலேயே கும்மியடித்துப் பாடினால், கைதட்டக் கற்ற பிள்ளை தானும் சேர்ந்து தட்டும். ஓடியாட வேண்டிய 180 நிமிடத்தில் ஒரு பகுதி இவ்வாறே நிறைந்துவிடும். அப்பாரு மாடு பிடித்துக் கட்டும்போது பேரனையோ பேத்தியையோ தோளில் வைத்துக்கொண்டு, செந்நிறமாகப் பிறந்த காங்கேயம் கன்று சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறுவதைக் காட்டலாம். பெரியவரின் விருப்பத்தோடு பிள்ளையும் ஒட்டிக்கொள்வது இப்படித்தான். ஆயினும் இவை தாய்க்கெனத் தனியே தர வேண்டிய நேரத்துக்கு ஈடாகா என்பதை மறந்துவிடலாகாது.

இனி, இவ்விதழைப் படுக்கையருகே அமர்ந்து படிக்கும் உங்களுக்கு. பக்கவாதத்தால் வீழ்ந்த மாமனாரையோ, சிறுநீரக நோயுற்ற கணவரையோ, நெடுநாள் சிகிச்சையிலுள்ள குழந்தையையோ பேணும் உங்கள் நிலை, நடைபயிலும் பிள்ளையின் தாயினும் கடினமானது. பிள்ளை வளரும், பொறுப்பு நாளடைவில் குறையும். நோயாளியைப் பேணுவதில் எல்லை எங்கே என்று தெரிவதில்லை. பலருக்கு இரண்டு பொறுப்பும் ஒருங்கே வந்து சேர்கின்றன: ஒரு கையில் பிள்ளை, மறு கையில் மருந்துப் பை. தமக்கென ஒரு பொழுதைக் கேட்பது நோயாளிக்குச் செய்யும் வஞ்சனை என்று இவர்கள் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. களைத்துப்போனவர் மருந்தின் வேளையை மறப்பார். படுக்கைப்புண் தோன்றுவதைக் கவனியாமல் விடுவார். சிறு சொல்லுக்கும் சினம் கொள்வார். பேணுபவர் நலமாயிருப்பது சிகிச்சையின் ஒரு பகுதியே.

எனவே குடும்பத்தார் கூடி முறை வகுத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் எந்த நாள் மாலை யார் பொறுப்பு என்பதை நாள்காட்டியிலேயே எழுதி வைத்துவிட்டால், ஒவ்வொரு முறையும் இரந்து கேட்க வேண்டிய நிலை ஒழியும். தமிழக அரசு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ், படுக்கையில் இருப்போர்க்கு வலிதணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கின்றன. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். எல்லாச் சோர்வும் ஒரு மாலைப்பொழுதால் தீர்ந்துவிடாது. இரண்டு வாரத்திற்கு மேல் மனம் கனத்திருத்தல், முன்பு விரும்பிய எதிலும் நாட்டமின்மை, பிள்ளை உறங்கியபோதும் உறக்கம் வாராமை, தான் பயனற்றவள் என்னும் எண்ணம், தனக்கோ பிள்ளைக்கோ தீங்கு செய்துவிடுவோமோ என்னும் அச்சம் ஆகியவை நோயின் அறிகுறிகள். பிள்ளைப்பேற்றுக்குப் பின் ஓராண்டு வரையில் எப்போது வேண்டுமானாலும் இவை தலைகாட்டக்கூடும். இது மனவுறுதிக் குறைவன்று. சிகிச்சையால் குணமாகும் நிலை. எங்கள் மருத்துவரிடமோ செவிலியரிடமோ தயங்காமல் சொல்லுங்கள். டெலி மானஸ் உதவி எண் 14416ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். தீங்கு நேருமோ என்னும் அச்சம் மிகுந்தால் அப்பொழுதே மருத்துவமனைக்கு வாருங்கள்.

இந்தச் சித்திரையில் ஒவ்வொரு வீடும் மூன்றே கேள்விகளுக்கு விடை காணட்டும். நம் வீட்டில் பிள்ளையையோ நோயாளியையோ பேணுபவர் முன்பு எதனை விரும்பிச் செய்தார்? வாரத்தில் எந்த நாள், எந்த நேரம் அவருக்கு உரியது? அந்நேரத்தில் அவருடைய இடத்தில் யார் இருப்பார்? முதல் கேள்விக்கு விடை தெரியாத கணவரும் பிள்ளைகளும் அவரிடமே கேட்கலாம். “எனக்கென்ன, ஒன்றும் வேண்டாம்” என்று அவர் முதலில் சொல்வார். அதனோடு விட்டுவிடாமல், மறுநாளும் ஒருமுறை கேளுங்கள்.